மீன்பிடித் தடைக்காலத்தில் முகத்தை உரிக்கலாமா?

"டாக்டரக்கா, எனக்கு 33 வயது. ஊர் தங்கச்சிமடம் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார், நான் கருவாடு காயப்போட்டு விற்கிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு. அது போக, பள்ளிக்கூட வயதில் வந்த பரு விட்டுப்போன குழிகள். துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய க்ரீமை ஒரு வருடம் போட்டேன். போடும்வரை வெளுத்தது, போன மாதம் விட்டேன், முன்னைவிடக் கறுத்துவிட்டது. மதுரையில் ஒரு கிளினிக்கில் 'மீடியம் டெப்த் பீல், 35 சதவீதம் டிசிஏ, ஒரே தடவை, ஏழு நாள் வீட்டில் இருந்தால் போதும், மங்கும் குழியும் சேர்ந்து போய்விடும்' என்கிறார்கள். ஆவணியில் தம்பி கல்யாணம். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்குகிறது, வேலை குறையும், அப்போது செய்துகொள்ளலாமா? அந்த ஆசிட் இதயத்தைப் பிடிக்கும் என்று நாத்தனார் வேறு பயமுறுத்துகிறார். பெயர் போட வேண்டாம்."

தங்கச்சி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். தடைக்காலத்தில் வேண்டாம். மங்குக்காக என்றால் எந்தக் காலத்திலும் அந்த 35 சதவீதம் வேண்டாம். குழிகளுக்கு வேறு வழி இருக்கிறது, முகம் முழுக்க ஆசிட் தடவாமலேயே ஆகிற காரியம் அது. நாத்தனார் சொன்னது முழுப் பொய் இல்லை, ஆனால் அது உங்களுக்குப் போடப்போகிற ஆசிட்டைப் பற்றியதும் இல்லை. உங்கள் முகத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆசிட் தடவித் தோலை உரிக்கிறதுதான் பீல், அந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன, குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக் மாதிரி ஆசிட்டை மெல்லிய அளவில் தடவினால் மேல்தோலோடு நின்றுவிடும், மறுநாளே வேலைக்குப் போகலாம், உங்கள் சித்தி மகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ "நானும் பீல் பண்ணினேன், ஒன்றும் ஆகலையே" என்றால் அநேகமாக அது இதுதான். நடு ஆழம் என்பது மேல்தோலை முழுதாகக் கடந்து அதன் அடியிலுள்ள உள்தோலின் மேற்பகுதிவரை இறங்குவது, கணக்குக்கு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் முகத்தின் மேல்தோலே ஏறக்குறைய அதில் கால்வாசிக் கனம்தான். மூன்றாவது, ஃபீனால் வைத்துச் செய்கிற ஆழமான பீல், அதை நம் ஊர் நிறத்தில் யாரும் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது.

டிசிஏ என்பது ட்ரைக்ளோரோஅசிட்டிக் அமிலம். 100 மில்லி கரைசலில் 35 கிராம் இருந்தால் 35 சதவீதம். புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், ஹாம்பர்க்கில் உன்னா என்ற தோல் மருத்துவர் 1882-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். முன்பெல்லாம் 50 சதவீதம் போட்டுப் பார்த்தார்கள், பலருக்குத் தழும்பு விழுந்தது. அதனால்தான் சாலிசிலிக், லாக்டிக் ஆசிட்டெல்லாம் கலந்த ஜெஸ்னர் கரைசலையோ கிளைகாலிக் ஆசிட்டையோ முதலில் தடவி, அதன் மேல் 35 சதவீதத்தைத் தடவும் முறை வந்தது. வெள்ளைத்தோல்காரர்களுக்கு, வெயிலில் பல வருடம் வெந்த முகத்துக்கு, மெல்லிய சுருக்கங்களுக்கு இது நல்ல சிகிச்சைதான், நான் மறுக்கவில்லை.

பயிற்சிக் காலத்தில், அடுத்தவர் முகத்தில் போடும் முன் என் முன்கையிலேயே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு 25 சதவீதம் போட்டுப் பார்த்தேன். பஞ்சுக்குச்சியை எடுத்ததும் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தண்ணீர் பட்ட மாதிரி. அரை நிமிடம் போனது. மிளகாய் அரைத்த கை எரியுமே, அந்த எரிச்சல் ஒரு புள்ளியில் தொடங்கி ஏறிக்கொண்டே போனது, ஃபேனுக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு பல்லைக் கடித்தேன். அதற்குள் அந்த இடம் வெளுக்க ஆரம்பித்தது. வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தியின் மேல் உப்பு பூக்கிறதைப் பார்த்திருப்பீர்கள், முதலில் அங்கொன்று இங்கொன்றாகப் படலம், பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், அப்படியே. முட்டை வெந்தால் வெள்ளைக்கரு வெளுக்கிற மாதிரிதான், தோலில் இருக்கும் புரதம் உறைகிறது. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கணிப்போம். சிவப்பில் வெள்ளைத் திட்டு என்றால் மேலாக, வெள்ளைக்கு அடியில் சிவப்பு தெரிந்தால் நடுவில், சுண்ணாம்பு அடித்த மாதிரி கெட்டி வெள்ளை என்றால் ஆழத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று, கிளைகாலிக் ஆசிட்டைச் சோடா உப்புக் கரைசலால் துடைத்து நிறுத்தலாம். டிசிஏவை அப்படி நிறுத்த முடியாது, குளிர்ந்த துணி எரிச்சலுக்குத்தான் ஆகும். வெள்ளை பூத்துவிட்டால் பூத்ததுதான், கை தவறிப்போனால் திரும்ப எடுக்க வழியில்லை.

அந்த ரூபாய்க் காசு வட்டம் ஐந்தாம் நாள் உரிந்தது. உரிந்த பிறகு நாலு மாதம் கறுத்துக் கிடந்தது. என் நிறமும் உங்கள் நிறமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, "ஏழு நாள்" என்றார்களே, அந்த ஏழு நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். போட்ட அன்று சாயங்காலம் முகம் விறைத்துக்கொள்ளும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீங்கும், கண்ணைத் திறக்கச் சிரமப்படுகிறவர்களும் உண்டு, இரண்டு தலையணை வைத்து மல்லாந்துதான் படுக்க வேண்டும். மூன்றாம் நாள் பழுப்பேறி, பனங்கிழங்கின் மேல்தோல் மாதிரி வறண்டு இறுகிவிடும். பிள்ளை உங்களைப் பார்த்து அழுதால் ஆச்சரியப்படாதீர்கள். முதலில் வெடிப்பது வாயைச் சுற்றி, ஏனென்றால் பேச, சாப்பிட, கொட்டாவி விட என்று அசைவது அங்கேதான். பிறகு கன்னம், கடைசியாக நெற்றி ஓரமும் தாடையும். இந்தச் சமயத்தில் தோல் துண்டு துண்டாகத் தொங்கும், கண்ணாடி முன்னால் நின்று அதைப் பிடித்து இழுக்காதவர்கள் குறைவு. ஒட்டிக்கொண்டிருக்கும் தோலை இழுத்தால் அடியில் புண்ணாகும், அந்த இடம் கறுக்கும், சில பேருக்குத் தழும்பே விழும். முகம் கழுவ நம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்புக் கரிக்கிற தண்ணீர் அந்தத் தோலில் பட்டால் தாங்காது, குடிக்க வாங்குகிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கழுவ வேண்டும், கழுவியதும் வாசலின். மஞ்சள், கற்றாழை, வேப்பிலை எதுவும் கூடாது, மாமியார் எவ்வளவு சொன்னாலும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, மஞ்சளாகச் சீழ் வைத்தாலோ, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போயாக வேண்டும். நீங்கள் தங்கச்சிமடத்தில், உங்கள் டாக்டர் மதுரையில்.

ஏழிலிருந்து பத்து நாளில் புதுத்தோல் மூடிவிடும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளினிக்காரர் கணக்கை அங்கே முடித்துவிட்டார். நமக்கு உண்மையான கணக்கே அங்கேதான் தொடங்குகிறது. புதுத்தோல் செம்பு மாதிரி சிவந்திருக்கும், அந்தச் சிவப்பு அடங்க சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை அடியில் இருக்கும் நிறமிச் செல்கள் சும்மா இருப்பதில்லை. அவற்றுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. புண், சூடு, வெயில் என்று எது பட்டாலும் கறுப்பைக் கக்கும். வெளுத்த தோலில் இந்த வேலை குறைவு, நம் தோலில் அதிகம், நம்மை இந்த வெயிலிலிருந்து காப்பாற்றி வைத்திருப்பதும் அதுதான் என்பதால் குறை சொல்லவும் முடியாது. 1975-இல் அமெரிக்காவில் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவர் வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, கறுக்கிறது என்பதை வைத்து ஒரு எண்முறை வகுத்தார். முதலில் வெள்ளைத்தோலுக்கு மட்டும்தான், பழுப்புக்கும் கறுப்புக்குமான 5, 6 எல்லாம் பிறகு சேர்த்தவை. நம் கடற்கரை ஆட்கள் பெரும்பாலும் 4, 5. நடு ஆழப் பீலை அந்த எண்களில் மிகுந்த எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பால பாடம்.

மங்கு என்றால் இன்னும் மோசம். மங்கு வந்த இடத்தில் அந்தச் செல்கள் ஏற்கெனவே சீண்டிவிட்ட நிலையில் இருக்கின்றன, கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், வெக்கை என்று ஏதோ ஒன்று சீண்டியிருக்கும். அங்கே போய் ஆசிட்டால் புண்ணாக்கினால் குளவிக் கூட்டில் கல் எறிகிற மாதிரி. கறுப்பு மேல்தோலோடு நின்றால் பரவாயில்லை, உள்தோலுக்குள் இறங்கிவிட்டால் சாம்பல் நீலமாகத் தெரியும், அதை எடுக்கக் க்ரீமும் எட்டாது. மங்கு உரித்துப் போகிற அழுக்கு இல்லை, தங்கச்சி. அடக்கி வைக்கலாம், விட்டால் மறுபடி வரும். இதைச் சொல்லாமல் "ஒரே தடவையில் போய்விடும்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது தடைக்காலத்துக்கு வருவோம். ராமேசுவரம் தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகைச் சொச்சத்தில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு தடவை சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். ஒன்று சித்திரை பிறப்பை ஒட்டி, இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில், அதாவது ஆவணியில். அன்றைக்கு உச்சி வேளையில் கொடிக்கம்பத்தைப் பாருங்கள், நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். தடை தொடங்குவது ஏப்ரல் 15. ஆக, வருடத்தில் சூரியன் முதல் தடவை நேர் உச்சிக்கு வருகிற நாளாகப் பார்த்துப் புதுத்தோலை வெளியே எடுக்கிறீர்கள், இரண்டாவது தடவை வரும்போது கல்யாணப் பந்தலில் நிற்கிறீர்கள். கமுதியில் 648 மெகாவாட்டுக்குச் சூரிய மின் நிலையம் போட்டார்களே, இந்த வெயிலை நம்பித்தானே போட்டார்கள்.

வேலை குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகத்தான் செய்யும், மீன் வரத்தான் செய்யும், வரத்து குறைவதால் கருவாட்டுக்கு விலையும் கூடும். எட்டாம் நாள் தோல் மூடியதும் ஒன்பதாம் நாள் நீங்கள் மணலில் நின்று கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள், எனக்கு இந்தக் கடற்கரையை நன்றாகத் தெரியும். தலையில் துண்டு போட்டிருப்பீர்கள், ஆனால் காய்ந்த மணல் தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தை மேலே திருப்பி அனுப்புகிறது, குனிந்து வேலை செய்கிற முகத்துக்கு அது கீழேயிருந்து வருகிற வெயில். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். உரிந்த தோலில் மணல் அடித்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா இதே மாதிரி மங்கோடு வந்தார். மகள் கல்யாணம், அவசரம், "எதையாவது போட்டு எடுத்துவிடுங்க" என்று நின்றார். எனக்குள் வேண்டாம் என்று ஒரு குரல் சொன்னது, கேட்காமல் டிசிஏ போட்டேன், 35 இல்லை, அதைவிடக் குறைவுதான். "ரெண்டு மாசம் வெயிலில் போகாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். பத்தாம் நாள் பளிச்சென்று வந்தார், இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஆறு வாரம் கழித்து வந்தபோது இரண்டு கன்னமும் மேலுதடும் காப்பித்தூள் நிறத்தில் இருந்தன, பழைய மங்கைவிட அகலமாக. வெயிலில் போனீர்களா என்றால் அடித்துச் சொல்கிறார், "இல்லம்மா, காலையில தண்ணிக்குள்ளதானே இருந்தேன், முகத்தக்கூட உள்ள வச்சுத்தான் பாசி பறிச்சேன்." அவர் பொய் சொல்லவில்லை. அரை மீட்டர் ஆழத்தில்கூட மேலே அடிக்கும் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 40 சதவீதம் உள்ளே வந்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நான், அவர் எங்கே எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்று கேட்கவே இல்லை. மகள் கல்யாணப் போட்டோவில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார், காட்டினார். பழைய நிறத்துக்கு வர எட்டு மாதம் ஆனது. அதற்கப்புறம் யார் பீல் கேட்டு வந்தாலும் நான் முதலில் கேட்பது முகத்தைப் பற்றி இல்லை, தொழிலைப் பற்றி.

நாத்தனார் சொன்ன இதய விஷயம் ஃபீனாலுக்குப் பொருந்தும். அது தோல் வழியே இரத்தத்தில் ஏறும், முகம் முழுக்க வேகமாகத் தடவினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், அதனால்தான் அதைப் போடும்போது இசிஜி மாட்டி, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைவெளி விட்டுத் தடவுவார்கள். டிசிஏ அப்படி ஏறாது. அதன் ஆபத்துகள் வேறு. கண்ணில் சொட்டுவது ஒன்று, புட்டியைப் படுத்திருப்பவர் முகத்துக்கு மேலாக ஒருபோதும் கை மாற்றக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அதனால்தான். எரிச்சலில் கண்ணீர் வழியும், அது ஆசிட்டையும் இழுத்துக்கொண்டு கழுத்துக்கு இறங்கிக் கோடு போடும், பக்கத்தில் ஒருவர் பஞ்சோடு நின்று ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உங்களுக்கு உதட்டோரம் கொப்புளம் வருமா? அந்த வைரஸ் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், பீல் போட்டால் எழுந்து முகம் முழுக்கப் பரவலாம், அதனால் முதல் நாளே மாத்திரை தொடங்கித் தோல் மூடும்வரை கொடுப்பார்கள். காது குத்திய இடத்தில் தடித்து வளர்ந்திருந்தால் முகத்திலும் அப்படி வளரலாம். பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிட்டு ஆறு மாதம் ஆகாதவர்களுக்கும், வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்கும், பால் கொடுப்பவர்களுக்கும் இது வேண்டாம். இதையெல்லாம் அந்தக் கிளினிக்கில் கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

அந்தக் க்ரீமைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. போடும்போது வெளுத்து, விட்டால் கறுத்து என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்க அநேக வாய்ப்பு உண்டு, வெளியிலிருந்து வருகிற சில வெளுப்புக் க்ரீம்களில் பாதரசமும் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து யாராவது ஊருக்கு வந்தால் பேரீச்சம்பழத்தோடு இதுவும் வருகிறது, பாசத்தில் வாங்கி வருகிறார்கள், குறை சொல்ல மனம் வராது. ஸ்டீராய்டை ஒரு வருடம் போட்ட தோல் மெலிந்திருக்கும், மற்றவர்களுக்கு நடு ஆழத்தில் நிற்கிற அதே 35 சதவீதம் உங்களுக்கு எங்கே போய் நிற்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அந்தத் தோல் தேறவே சில மாதம் வேண்டும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் கல்யாணத்துக்காகக் காத்திருக்காமல் உடனே வந்து சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ஆவணிக்கு என்ன செய்வது? இன்றிலிருந்தே சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், முடிந்தால் தோல் நிறச் சாயம் கலந்ததாக. அந்தச் சாயத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, மங்கைக் கிளறுகிற சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும், வெள்ளைச் சன்ஸ்கிரீன்கள் பல அதை விட்டுவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுங்கள், அவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், கடுகளவு தொட்டுத் தடவினால் பேருக்குத்தான். நீங்கள் வியர்வையில் வேலை செய்கிறவர், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும். அதைவிட முக்கியம், கருவாடு புரட்டுவதைக் காலை எட்டு மணிக்குள்ளும் மாலை நாலுக்கு மேலும் வைத்துக்கொள்ள முடியுமா பாருங்கள், நடுவில் புரட்ட வேறு ஆள் இருந்தால் நல்லது, அகலமான பனையோலைத் தொப்பி துண்டைவிட எவ்வளவோ மேல். இதோடு மங்குக்கு டாக்டர் சீட்டில் எழுதுகிற க்ரீம், அசெலாயிக் ஆசிட்டோ ஹைட்ரோகுவினோனோ, உங்கள் தோல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் எதை எப்போது தொடங்குவது என்று சொல்ல முடியும். ஹைட்ரோகுவினோனைச் சில மாதத்தோடு நிறுத்திவிட வேண்டும், நீங்களாகக் கடையில் வாங்கித் தொடரக் கூடாது. டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையும் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்த வரலாறு இருந்தாலோ கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ கொடுக்கமாட்டோம். கருத்தடை மாத்திரை மங்கையே கூட்டக் கூடியது என்பதால் அதை முதலில் எனக்குச் சொல்லுங்கள். இதை ஒழுங்காகச் செய்தால் நாலு மாதத்தில் மங்கு முழுதாகப் போகாது, ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் படாத அளவுக்குக் குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கல்யாணம் முடியட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் மூடியிருக்கும்போது, தோல் தேறியிருந்தால், மெல்லிய கிளைகாலிக் அல்லது லாக்டிக் பீல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாலைந்து தடவை போடலாம். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் அதற்கு உங்கள் வேலையை விட வேண்டாம். குழிகளுக்கும் அப்போதே தொடங்கலாம். ஊசியால் குத்திய மாதிரிக் குறுகி ஆழமாக இருப்பவற்றுக்கு கிராஸ் என்று ஒரு முறை, தென் கொரியாவில் 2002-இல் வெளியிட்டது. அதுவும் டிசிஏதான், கேட்டால் பயந்துவிடுவீர்கள், 65 முதல் 100 சதவீதம்வரை. ஆனால் முகத்தில் தடவுவதில்லை, பல்குத்தும் குச்சியின் முனையில் தொட்டு, ஒவ்வொரு குழியின் அடியிலும் மட்டும் வைத்து அழுத்துவது. குழி அடியிலிருந்து மெல்ல மேலேறும், சில தடவை செய்ய வேண்டும், சுற்றிலும் தோல் கெடாது. இதிலும் கறுக்கலாம், ஓரிரு குழி வெள்ளையாக நிற்கலாம், அதனால் முதலில் காதோரம் இரண்டு மூன்றில் செய்து பார்த்துவிட்டுத்தான் கன்னத்துக்கு வருவேன். அகலமாகத் தளர்ந்த குழிகளுக்கு இது ஆகாது, அடியில் ஊசி விட்டு, தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுத்துவிடுவது வேறு முறை. உங்கள் குழி எந்த ரகம் என்று பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் மதுரைக்கே போவேன் என்றால் நான் தடுக்க முடியாது. ஆனால் புட்டியைப் பிடிக்கப்போவது தோல் டாக்டரா, டாக்டர் பெயர்ப்பலகைக்குக் கீழே வேலை செய்கிற வேறு யாராவதா என்று கேளுங்கள். தாடைக்கு அடியிலோ காதோரமோ ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்த்து ஒரு மாதம் பொறுப்பார்களா என்று கேளுங்கள், முடியாது என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். முகத்தைத் தயார்செய்ய முன்னதாக இரண்டு முதல் நாலு வாரம் க்ரீம் கொடுக்க வேண்டும், வந்த அன்றே படுக்கவைத்தால் எழுந்துவிடுங்கள். அப்புறம், போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் பரமக்குடி தாண்டினால் வழியெல்லாம் முண்டு மிளகாய் காய்கிறது.

வெளுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, மங்கும் குழியும் போக வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மதுரைவரை போவதற்கு முன்னால் அங்கே தோல் பிரிவில் காட்டலாம். என்னிடம் வருவதானாலும் சரி, அங்கே போவதானாலும் சரி, பவுடர் பூசாமல் போங்கள், அண்ணன் அனுப்பிய அந்தக் க்ரீம் டப்பாவையும் எடுத்துப் போங்கள், காலியாக இருந்தாலும்.